பொருளியலாளர் வேலைக்கு எப்படித் தயாராவது? அரசுப் பணிக்கும் நிறுவனப் பணிக்கும் ஒரு வழிகாட்டி

பொருளியலில் முதுகலை முடித்த ஒருவரிடம் வீட்டில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: வங்கித் தேர்வு எழுதப் போகிறாயா, கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறாயா? இரண்டும் நல்ல வேலைகளே. ஆனால் பொருளியலாளர் என்ற பெயரிலேயே சம்பளம் வாங்கும் இன்னொரு வகை வேலை அரசிலும் நிறுவனங்களிலும் இருக்கிறது என்பதும், அதற்கு எந்த வயதில், எந்தத் தேர்வின் வழியாக, எதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் நம் கல்லூரிகளில் பலருக்குக் கடைசி ஆண்டு வரை தெரிவதில்லை. தெரியும்போது வயது வரம்பு நெருங்கியிருக்கும், அல்லது பட்டப்படிப்பில் தவிர்த்த கணிதம் வந்து குறுக்கே நிற்கும். இந்தக் கட்டுரை அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காக, இந்தியச் சூழலை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பொருளியலாளர் என்றால் நாளைய பங்குச் சந்தையைச் சொல்பவர் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் பொருளியல் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் அமைச்சராகவோ, ஆட்சிப் பணி அதிகாரியாகவோ, ஓர் ஆலையின் நிர்வாக இயக்குநராகவோ இருக்கலாம். அவருக்கு மாலைக்குள் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற விளக்கம் வேண்டும். அதை மறுப்பவர் என்ன கேட்பார், அதற்கு என்ன பதில் என்பதும் வேண்டும். இவை அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுப்பவர்தான் பொருளியலாளர். பெயர் பெரும்பாலும் வெளியே தெரியாது. தன் பெயர் அச்சில் வர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் பல்கலைக்கழகத்தையோ பத்திரிகையையோ தேர்ந்தெடுப்பதே மேல்.

அமைச்சகத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு நாடாளுமன்றக் கேள்வி நல்ல எடுத்துக்காட்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும்; அதைத் தொடர்ந்து உறுப்பினர்கள் துணைக் கேள்விகள் கேட்பார்கள். எழுத்துப் பதிலைத் தயாரிப்பது எளிது. எந்தத் துணைக் கேள்வி வரும் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிப் பதிலும் அதற்கான எண்ணும் அமைச்சரின் கையில் இருக்கும்படி குறிப்பு எழுதுவதில்தான் இளம் அதிகாரியின் திறமை தெரியும்.

இன்னும் ஆழமான எடுத்துக்காட்டு, நெல்லுக்கும் மற்றப் பயிர்களுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம். 1965-இல் வேளாண் விலை ஆணையமாகத் தொடங்கி 1985-இல் இப்போதைய பெயரைப் பெற்ற இந்த அமைப்பு, 22 பயிர்களுக்கு ஆதரவு விலையையும், கரும்புக்குத் தனியாக நியாயமான ஆதாய விலையையும் பரிந்துரைக்கிறது. அங்கே "செலவு" என்ற ஒரு சொல்லுக்கே பல வரையறைகள் உண்டு. விதை, உரம், கூலி, டீசல் என்று உழவர் கையை விட்டுப் போகும் செலவு ஏ2 எனப்படும். வீட்டு ஆட்கள் வயலில் உழைத்த உழைப்புக்கு மதிப்புப் போட்டு அதையும் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்குக் குத்தகையாக வந்திருக்கக்கூடிய தொகையையும், சொந்த முதலுக்கான வட்டியையும் கணக்கில் கொண்டுவந்தால் அது சி2. கணக்கு புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்ணை வைத்துப் பாருங்கள்: ஒரு குவிண்டாலுக்குக் கைச்செலவு 1,000 ரூபாய், வீட்டு உழைப்பு 300, நில வாடகையும் வட்டியும் 400 என்றால், ஏ2 கூட்டல் எஃப்எல் 1,300, சி2 1,700. ஒன்றரை மடங்கு விலை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலும், முதல் வரையறையில் அது 1,950 ரூபாய், இரண்டாவதில் 2,550 ரூபாய். 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கை ஒன்றரை மடங்கு என்று அறிவித்த பின்னும் உழவர் அமைப்புகள் போராடியது ஏன் என்பதற்கு இந்த 600 ரூபாய் இடைவெளியே பெரிய விளக்கம். வரையறை எங்கே மாறுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதை முடிவெடுப்பவருக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் எப்போதும் இடம் உண்டு.

படிப்பை எப்படி அமைத்துக்கொள்வது

இளங்கலையில் பொருளியல்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2022 முதல் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருக்கும் வெ. அனந்த நாகேஸ்வரன் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் படித்தவர். பிறகு அகமதாபாத் ஐஐஎம், அதன் பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம். பொறியியலும் கணிதமும் படித்துவிட்டு முதுகலையில் பொருளியலுக்கு வந்து முன்னேறியவர்கள் ஏராளம். அதற்கு நேர்மாறாக, மூன்று ஆண்டுகள் பொருளியலே படித்தும் வகைநுண் கணிதம், அணிகள், நிகழ்தகவு ஆகிய மூன்றையும் தொடாமல் வெளியே வந்தவர்கள் நல்ல முதுகலை நிறுவனங்களின் நுழைவுத் தேர்விலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே இளங்கலை இரண்டாம் ஆண்டில் இருப்பவருக்கு என் முதல் அறிவுரை, பொருளியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மேல்நிலைப் பள்ளிக் கணிதப் புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டும் என்பதே. ஆறு மாதங்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும்.

முதுகலைக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. வி.கே.ஆர்.வி. ராவ் 1949-இல் தொடங்கிய டெல்லி பொருளியல் பள்ளி, கொல்கத்தாவிலும் டெல்லியிலும் அளவியல் பொருளியலில் முதுகலை நடத்தும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ரிசர்வ் வங்கி 1987-இல் மும்பையில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத் பல்கலைக்கழகம், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஆகியவை நாடறிந்தவை. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் நேரு பல்கலைக்கழகத்துக்கும் முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வு வழி. புள்ளியியல் நிறுவனமும் இந்திரா காந்தி நிறுவனமும் தனித் தேர்வு நடத்துகின்றன. சென்னையில் கோட்டூர்புரத்தில் உள்ள சென்னை பொருளியல் பள்ளி முதுகலை நடத்துகிறது. மால்கம் ஆதிசேசையா 1971-இல் அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பெயர்பெற்றது. டெல்லிக்கோ மும்பைக்கோ போக வீட்டுச் சூழல் இடம் தராவிட்டால் தொழிலே போய்விட்டது என்று எண்ண வேண்டாம். உங்கள் ஊர்க் கல்லூரியில் முதுகலை படித்தாலும் மத்திய அரசுத் தேர்வுக்குத் தகுதி கிடைக்கும். ஆனால் பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் முறைகளால் ஆராயும் பொருளாதார அளவியலையும் கணினிப் பயிற்சியையும் நீங்களே தேடிக் கற்க வேண்டியிருக்கும்.

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். உண்மையில் முதல் இரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் பெரும்பாலான வேலை அதில்தான் நடக்கும். அதன் மேல் ஸ்டாட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்று போதும். பைத்தான் தெரிந்தால் நிறுவனங்களில் கூடுதல் மதிப்பு. ஒரே நேரத்தில் நான்கு மென்பொருள்களில் சான்றிதழ் வாங்குவதைவிட, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவு ஒன்றை இறக்கி, அதன் எடைகளை (கணக்கெடுத்த ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்களை) சரியாகப் பயன்படுத்தி, வெளியான அறிக்கையில் உள்ள ஓர் அட்டவணையை நீங்களே மறுபடி உருவாக்கிக் காட்டுவது நேர்காணலில் பத்து மடங்கு உதவும்.

களத்தைப் பார்த்திருப்பதும் உதவும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர் 1916-இல் தம் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. அதே ஊரைப் பல தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால், ஒரு நூற்றாண்டின் நில உடைமை மாற்றத்தை ஒரே ஊரில் வாசிக்க முடிகிறது. உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் தரவை மட்டும் நம்பாமல் நாற்பது வீடுகளுக்காவது கேள்வித்தாளோடு போய்விட்டு வாருங்கள். "மாத வருமானம் எவ்வளவு" என்ற கேள்விக்கு ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி எத்தனை விதமாகப் பதில் சொல்லக்கூடும் என்பது அப்போது தெரியும்.

இந்தியப் பொருளாதாரப் பணி

மத்திய அரசில் பொருளியலாளராக நுழைய நேர்வழி இந்தியப் பொருளாதாரப் பணி. 1961 நவம்பர் 1-இல் உருவாக்கப்பட்ட இந்தக் குரூப் ஏ பணிக்கு யூபிஎஸ்சி ஆண்டுதோறும் தேர்வு நடத்துகிறது. பணியை நிர்வகிப்பது நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை. இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இதையும் பொறியியல் பணித் தேர்வையும் ஐஇஎஸ் என்ற அதே மூன்றெழுத்தில் அழைப்பதால், பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் பாதி உங்களுக்குச் சம்பந்தமில்லாதவையாக இருக்கும்.

தகுதி எளிமையானது. பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவியல் ஆகியவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டம் வேண்டும். தேர்வு ஆண்டின் ஆகஸ்டு 1-இல் வயது 21 நிறைந்து 30 நிறையாமல் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டுகளும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டுகளும் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வு ஆறு தாள்கள், 1,000 மதிப்பெண்கள்: பொது ஆங்கிலமும் பொது அறிவும் தலா 100, பொதுப் பொருளியல் மூன்று தாள்களும் இந்தியப் பொருளாதாரமும் தலா 200. அதன் பிறகு நேர்காணலுக்கு 200. முதல் பொருளியல் தாளில், தனி நுகர்வோரும் நிறுவனங்களும் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றிய நுண்ணியல் கோட்பாட்டோடு கணித, புள்ளியியல், அளவியல் முறைகள் வரும். இரண்டாவதில் நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பார்க்கும் பேரியல், பணம், வளர்ச்சி, பன்னாட்டு வணிகம். மூன்றாவதில் பொது நிதி, சுற்றுச்சூழல், தொழிற்துறைப் பொருளியல். எல்லாமே கட்டுரை வகைக் கேள்விகள். சென்னையிலும் தேர்வு மையம் உண்டு.

விடைகளை ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களை நான் பார்த்த அளவில், அவர்களைத் தடுப்பது பொருளியல் அறிவுக் குறைவு அல்ல. மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஆங்கிலத்தில் வாதத்தை நகர்த்தும் பழக்கம் இல்லாமைதான். இதற்கு இலக்கணப் புத்தகம் உதவாது. ஒரு கேள்விக்கான வாதத்தை முதலில் தமிழில் ஐந்து வரிகளில் எழுதி, அந்த ஐந்து வரிகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு குறுகிய ஆங்கில வாக்கியங்களில் விரிப்பது நல்ல வழி. சிந்தனை தெளிவாக இருந்தால் எளிய ஆங்கிலம் போதும்; அலங்கார ஆங்கிலத்தில் குழம்பிய விடைக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை.

இடங்கள் மிகக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 அறிவிப்பில் நாடு முழுமைக்கும் 18 இடங்கள். எனவே இதை மட்டுமே நம்பி நான்கைந்து ஆண்டுகளை ஓர் அறைக்குள் கழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆராய்ச்சி உதவியாளராகவோ தரவு ஆய்வாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே எழுதுவது நேர்காணலுக்கும் பலம் சேர்க்கும். தேர்ச்சி பெற்றவர்களுக்கு டெல்லியில் உள்ள பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சி தொடங்கும். சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின் 10-ஆம் நிலையில், 56,100 ரூபாய் அடிப்படை ஊதியத்தோடும் படிகளோடும் ஆரம்பிக்கும். உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர், பொருளாதார ஆலோசகர், முதுநிலைப் பொருளாதார ஆலோசகர் என்று பதவிகள் ஏறும். வேலை நிதி அமைச்சகத்தில் மட்டும் இல்லை; வேளாண்மை, தொழிலாளர் நலம், ஊரக வளர்ச்சி என்று பல அமைச்சகங்களில் இருக்கும். மொத்த விலைக் குறியீட்டை மாதந்தோறும் வெளியிடுவது வணிக, தொழில் அமைச்சகத்தில் உள்ள பொருளாதார ஆலோசகர் அலுவலகம் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். தலைமைப் பொருளாதார ஆலோசகர் ஆகும் கனவோடு இந்தப் பணியில் சேர வேண்டாம். அண்மைக் காலத்தில் அரவிந்த் சுப்பிரமணியன், கிருஷ்ணமூர்த்தி சுப்பிரமணியன், அனந்த நாகேஸ்வரன் ஆகிய மூவருமே பணிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். அடுத்தது, 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்க முடியாது. கோப்பில் மாற்றுக் கருத்தை எழுதலாம், எழுதவும் வேண்டும். முகநூலில் எழுத முடியாது.

ரிசர்வ் வங்கியும் பிற அமைப்புகளும்

ஆராய்ச்சியில் ஆர்வம் அதிகமுள்ளவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் பொருளாதார, கொள்கை ஆராய்ச்சித் துறை இன்னும் பொருத்தமானது. கிரேடு பி அதிகாரிகளுக்கான தேர்வில் பொதுப் பிரிவு, இந்த ஆராய்ச்சித் துறை, புள்ளியியல் துறை என மூன்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. விண்ணப்பிக்கும்போது சரியான பிரிவைத் தேர்ந்தெடுப்பது உங்கள் பொறுப்பு. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு வயது வரம்பில் தளர்வு இருப்பதால், ஆய்வு முடித்துத் தாமதமாக வருபவர்களும் முயலலாம். மாதந்தோறும் வரும் ரிசர்வ் வங்கி இதழின் கட்டுரைகளையும், மாநிலங்களின் நிதிநிலை பற்றிய ஆண்டறிக்கையையும் எழுதுவது இந்தத் துறை. அங்கே எழுத்துக்குக் கீழே ஆசிரியரின் பெயர் வருவதுண்டு. கருத்து ஆசிரியருடையது, வங்கியுடையது அல்ல என்ற வரியும் கூடவே வரும்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, இந்தியப் போட்டி ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் ஆகியவையும் பொருளியல் படித்தவர்களைத் தனியாக எடுக்கின்றன. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கில் ஒப்பந்த அடிப்படையில் இளம் தொழில்முறையாளர் பணி கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, நிரந்தரம் இல்லை, ஆனால் 25 வயதில் அரசு எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து பார்க்க அதைவிட நல்ல வழி குறைவு.

மாநில அரசில் வாய்ப்பு வேறு மாதிரியானது. தமிழ்நாட்டின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கான பணியிடங்கள் பலவற்றை டிஎன்பிஎஸ்சி தேர்வின் மூலம் நிரப்புகிறது. தகுதி பதவிக்குப் பதவி மாறும். பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்ததா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் கவர்ச்சி இல்லாத வேலை இது. ஆனால் வயலில் குறிப்பிட்ட பரப்பை அளந்து, அறுத்து, எடை போட்டு மகசூலைக் கணக்கிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் பங்கேற்பவர்கள் இவர்கள். டெல்டா உழவருக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த எடையைப் பொறுத்தது. கொள்கைப் பக்கம் போக விரும்புபவர்கள் மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வுப் பணிகளுக்கான அறிவிப்புகளைக் கவனிக்கலாம். தமிழ்நாட்டுக்கெனத் தனிப் பொருளாதார ஆய்வறிக்கையை அக்குழு 2025 மார்ச்சில் முதன்முறையாக வெளியிட்டது.

நிறுவனங்களில் பொருளியலாளர்

நிறுவனப் பணிக்கு ஒரே நுழைவுத் தேர்வு என்று எதுவும் இல்லை. அதனால் புதியவர்களுக்கு அது குழப்பமாகத் தோன்றும். வங்கிகளிலும் தரகு நிறுவனங்களிலும் பொருளியல் ஆய்வுப் பிரிவு இருக்கும். வட்டி விகிதம், ரூபாயின் மதிப்பு, கடன் வளர்ச்சி ஆகியவற்றைப் பற்றி அது எழுதும். கிரிசில், இக்ரா, கேர் போன்ற கடன் தர நிர்ணய நிறுவனங்கள் துறைவாரியாக ஆய்வாளர்களை வைத்திருக்கின்றன. சிமெண்டு, ஜவுளி, சர்க்கரை என்று ஒரு துறையை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து படிப்பவர் அதன் நெளிவு சுளிவுகளை அறிந்துவிடுவார். சிஎம்ஐஇ போன்ற தரவு நிறுவனங்கள் இன்னொரு நுழைவாயில். பங்குகளைப் பற்றி வாடிக்கையாளருக்கு ஆய்வறிக்கை எழுதும் வேலை என்றால் செபியின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி செபியின் கல்வி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் ஆய்வாளர் தேர்வில் தேற வேண்டும். படிக்கும்போதே முடித்து வைத்தால் விண்ணப்பத்தில் முன்னால் நிற்கும்.

உற்பத்தி நிறுவனங்களில் கேள்விகள் இன்னும் நேரடியானவை. அடுத்த ஆண்டு எத்தனை டிராக்டர் விற்கும்? பருவமழை, ஆதரவு விலை, ஊரகக் கூலி, பழைய டிராக்டரின் வயது என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்து நீங்கள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை நம்பி ஆலையில் ஷிஃப்ட் கூடும் அல்லது குறையும். அரசில் ஒரு குறிப்பு பிழையானால் திருத்தக் குறிப்பு போகும். இங்கே மூன்று மாதத்தில் கிடங்கில் தேங்கிய சரக்காக உங்கள் பிழை கண்முன் நிற்கும். இந்தக் கண்டிப்பைச் சிலர் விரும்புவார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

இளையவர்கள் அதிகம் கவனிக்காத துறை ஒன்று, நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை ஏற்றுவது போன்றவற்றைத் தடுக்கும் போட்டிச் சட்டம். 2012-இல் போட்டி ஆணையம் சிமெண்டு நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் விலைகள் ஒன்றுபோல ஏறியதற்குக் காரணம் கூட்டுச் சதியா, அல்லது எல்லோருக்கும் நிலக்கரி விலை ஒன்றாக ஏறியதா என்ற கேள்வியை வழக்கறிஞர் மட்டும் தீர்க்க முடியாது. சிமெண்டு கனமானது, நெடுந்தூரம் லாரியில் ஏற்றினால் லாபம் போய்விடும், ஆகவே சந்தை என்பது நாடு முழுவதுமா, ஒரு வட்டாரமா என்ற இடத்திலிருந்தே வாதம் தொடங்கும். இரு தரப்பும் பொருளியலாளர்களை வைத்துக்கொண்டு வாதாடுகின்றன. நுண்ணியல் கோட்பாட்டை விரும்பிப் படித்தவர்களுக்கு அது நேரடியாகச் சோறு போடும் இடம் இது.

ஒரு நெருடலையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஆதரவாக எண்ணைத் தேடித் தரச் சொல்லும் நாள் வரும். அரசிலும் வரும், நிறுவனத்தில் சற்று அடிக்கடி வரும். அப்போது எண்ணை மாற்றாதீர்கள். எந்த அனுமானத்தின் கீழ் அந்த முடிவு சரியாகும் என்று எழுதி, அந்த அனுமானம் எவ்வளவு நடக்கக்கூடியது என்பதையும் அடுத்த வரியில் எழுதுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான மேலதிகாரிகள் இதை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காத இடத்தில் நீண்ட நாள் இருக்க வேண்டாம்.

எண்ணில் இடறும் இடங்கள்

என் முதல் வேலையில், வட்டி விகிதம் பற்றிய குறிப்பில் சதவீதத்தையும் சதவீதப் புள்ளியையும் மாற்றி எழுதி, அது இரண்டு மேசைகளைத் தாண்டிப் போன பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் விகிதம்) 4-லிருந்து 6.5 ஆனது, அது 2.5 சதவீதப் புள்ளி உயர்வு, 2.5 சதவீத உயர்வு அல்ல. சதவீதத்தில் சொன்னால் 62.5. கேட்கச் சிறியதாகத் தெரியும் இந்தப் பிழை ஒருவரின் நம்பகத்தன்மையை ஓராண்டுக்குக் கெடுத்துவிடும்.

பருவம் இன்னொரு குழி. 2024 ஏப்ரலில் ஜிஎஸ்டி வசூல் 2.10 லட்சம் கோடி ரூபாய். மே மாதத்தில் 1.73 லட்சம் கோடி. வணிகம் 18 சதவீதம் சரிந்தது என்று இதை எழுதினால் தவறு. ஏப்ரலில் வருவது மார்ச் மாத விற்பனைக்கான வரி. நிதியாண்டின் கடைசி மாதத்தில் கணக்குகளை முடிக்கும் வேகத்தில் அது எப்போதும் கூடுதலாக இருக்கும். மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிடும்போதும் ஒரு சிக்கல் உண்டு: ஒரு குறியீடு 100-லிருந்து 110 ஆகி, அடுத்த ஆண்டு 112 ஆனால், பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து 1.8 ஆகக் குறைந்துவிட்டது என்று செய்தி வரும். கடைக்குப் போகிறவருக்கு எந்த விலையும் குறையவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே பத்தியில் முரணில்லாமல் எழுதப் பழகுங்கள்.

எடைகளை, அதாவது ஒவ்வொரு பொருள் வகைக்கும் குறியீட்டில் நூற்றுக்கு எவ்வளவு பங்கு என்பதை, பார்க்காமல் குறியீட்டைப் பற்றிப் பேசவே கூடாது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86. 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட மொத்த விலைக் குறியீட்டில் ஆலைப் பொருள்களின் எடை 64.23. தக்காளி விலை ஏறும் மாதத்தில் முதலாவது துள்ளுவதும், உலகச் சந்தையில் உலோக விலை சரியும்போது இரண்டாவது விழுவதும், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதும் இதனால்தான். அடிப்படை ஆண்டு மாறும்போது எடைகளும் மாறும் என்பதால், பழைய தொடரின் எண்ணையும் புதிய தொடரின் எண்ணையும் இணைப்புக் காரணி (இரண்டு தொடர்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் எண்) இல்லாமல் ஒரே வரைபடத்தில் ஒட்டக் கூடாது.

இன்றே தொடங்கக்கூடிய பயிற்சி

ரெப்போ வட்டியைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் ஆறு பேர். மூவர் வங்கியின் தரப்பு, மூவர் மத்திய அரசு நியமிப்பவர்கள். பணவீக்க இலக்கு 4 சதவீதம், இரு பக்கமும் 2 புள்ளி இடைவெளி. 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் மேல் எல்லையைத் தாண்டியதால், காரணம் விளக்கி வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் 14-ஆம் நாள், யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்பதைச் சொல்லும் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகும். தீர்மானம் வந்த அன்றே, நீங்கள் உறுப்பினராக இருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள் என்று 300 சொற்களில் எழுதி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து உறுப்பினர்களின் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஒரே தரவை வைத்துக்கொண்டு அனுபவசாலிகளே வெவ்வேறு முடிவுக்கு வருவதைப் பார்க்கும்போது, எந்த அனுமானத்தில் அவர்கள் பிரிகிறார்கள் என்று தேடும் பழக்கம் தானாக வந்துவிடும்.

கூட்டம் இல்லாத மாதங்களுக்கு நுகர்வோர் விலைக் குறியீடு இருக்கிறது. அது வழக்கமாக 12-ஆம் தேதி மாலை வெளியாகும். செய்திச் சேனலை வைக்கும் முன் மூல அறிக்கையைத் திறந்து, உணவு, எரிபொருள், மற்றவை என்று பிரித்துப் பார்த்து, எது எவ்வளவு பங்களித்தது என்று எக்செல்லில் கணக்கிட்டு, உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவதாக நினைத்து ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள். மறுநாள் காலை நாளிதழோடு ஒப்பிட்டு, உங்கள் பிழைகளைச் சிவப்பு மையில் ஓரத்தில் குறித்து, தேதி போட்டு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். சிவப்பு மையோடு இருக்கும் அந்தக் கோப்பை அப்படியே நேர்காணலுக்கு எடுத்துப் போகலாம்; சுத்தமாக நகலெடுத்துக்கொண்டு போக வேண்டாம்.